ஓடும் காற்றில் பாயும் பொறி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே உள்ள வாயு ஓடிக்கொண்டிருந்தால், அல்லது மின்முனையே நகர்ந்தால், அந்த வாயு மின்காப்புத் தன்மையை இழந்து பொறி பாய்கிற நிகழ்வு, அதாவது மின்முறிவு, எப்படி மாறும் என்பதுதான் அது. ஒத்த கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

கேள்வி: உயர் மின்னழுத்த இடைவெளியில் விசிறிக் காற்று வீசினால், எலக்ட்ரான்களைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் பொறி பாயக் கூடுதல் வோல்ட் வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

முதல் பொறியைப் பொறுத்தவரை சரியல்ல. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். சாதாரண அழுத்தத்தில், சீரான புலத்தில், 1 செ.மீ. காற்று முறியச் சுமார் 30 கிலோவோல்ட் வேண்டும். அந்தப் புலத்தில் எலக்ட்ரான் கூட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் மீட்டர் வேகத்தில் நகரும். 1 செ.மீ.யைக் கடக்க 100 நானோ செகண்ட் போதும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் புயலே வீசினாலும், அந்த 100 நானோ செகண்டில் காற்று நகர்வது 5 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராது.

நேர் அயனிகள் மந்தமானவை. அதே புலத்தில் அவற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர், 1 செ.மீ. கடக்க 20 மைக்ரோ செகண்ட். அதற்குள் அந்தப் புயல் 1 மி.மீ. நகர்ந்திருக்கும். ஆனால் இந்த அளவு இடைவெளியில், வளிமண்டல அழுத்தத்தில், அயனிகள் கடந்து முடிப்பதற்கு முன்பே முறிவு நடந்துவிடுவதுதான் வழக்கம்.

அதற்காகக் காற்றோட்டத்தால் எதுவும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. முறிவு நிகழும் அந்தக் கணத்தை அது தொடுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிலைமையைத்தான் மாற்றுகிறது. வாயுவின் அடர்த்தியை மாற்றலாம்; முந்தைய பொறி விட்டுச்சென்ற சூட்டையும் அயனிகளையும் வெளியேற்றலாம்; கூர்முனையைச் சுற்றி மெதுவாகச் சேரும் அயனிப் படலத்தைக் கலைக்கலாம். எந்தக் கேள்வி வந்தாலும், எந்த நிகழ்வு எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில் காற்று எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் ஒப்பிடுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: அப்படியானால், மேல்நோக்கி விரியும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏறும் ஆர்க்கை (ஜேக்கப் ஏணி) ஊதினால் ஏன் அணைகிறது? விசிறி ஓடும்போது சில சமயம் மறுபடி பற்றுவதே இல்லையே?

முறிவு வேறு, முறிந்த பிறகு எரியும் ஆர்க் வேறு. முறிவு நானோ செகண்டுகளில் முடிந்துவிடும். ஆர்க் என்பது பல மில்லி செகண்ட் முதல் வினாடிக் கணக்கில் நிற்கும் சூடான வாயுத் தடம். காற்று அந்தத் தடத்தைத் தூக்கிக்கொண்டு போகும். தடம் நீளும், குளிரும், தாக்குப்பிடிக்கக் கூடுதல் வோல்ட் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரால் அதைக் கொடுக்க முடியாதபோது ஆர்க் அணைகிறது.

மறுபடி பற்றாததற்குக் காரணம் வேறு. அசையாத காற்றில் ஆர்க் அணைந்த பிறகும் அடி இடைவெளியில் வெதுவெதுப்பான, அயனி கலந்த வாயு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதனால் மாறுமின்னோட்டத்தின் அடுத்த அரை அலையில் குறைந்த வோல்ட்டிலேயே பற்றிக்கொள்ளும். விசிறி அந்த மிச்சத்தைத் துடைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் குளிர்ந்த, தூய காற்றை முதலிலிருந்து முறிக்க வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முழு வோல்ட் அதற்கு எட்டாது.

அடி இடைவெளியைக் குறையுங்கள், அதுதான் மருந்து. எவ்வளவு என்று கணக்கிட, சீரான புலத்துக்கான பழைய, நம்பகமான சூத்திரம் ஒன்று உண்டு. இடைவெளியைச் செ.மீ.யில் எடுத்து, காற்றின் ஒப்பு அடர்த்தியால் பெருக்குங்கள். 20 டிகிரி செல்சியஸ், 1013 ஹெக்டோபாஸ்கலில் ஒப்பு அடர்த்தி 1. கிடைத்த எண்ணை 24.2 ஆல் பெருக்குங்கள். அதே எண்ணின் வர்க்கமூலத்தை 6.08 ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் முறிவு மின்னழுத்தம் கிலோவோல்ட்டில் வரும். 1 மி.மீ.க்குச் சுமார் 4.3, 3 மி.மீ.க்கு 10.6, 1 செ.மீ.க்கு 30.3. இவை உச்ச மதிப்புகள். 10 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உச்சம் 14 கிலோவோல்ட். எனவே 3 மி.மீ. தாராளமாகப் பற்றும், 4 மி.மீ. இழுபறி.

ஓர் எச்சரிக்கை. நியான் விளக்குப் பலகைகளுக்கான 15 கிலோவோல்ட், 30 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஆளைக் கொல்லும். இடைவெளியைத் தொட்டுச் சரிசெய்வதற்கு முன் பிளக்கைக் கையால் உருவி எடுத்திருக்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு நம்பக்கூடாது.

கேள்வி: காற்றின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று படித்திருக்கிறோம். அழுத்தம் குறைந்தால் முறிவு மின்னழுத்தமும் குறைய வேண்டும். அப்படியென்றால் விசிறிக் காற்றில் பொறி எளிதாகப் பாய வேண்டுமே?

இதில் இரண்டு தவறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திறந்த வெளியில் விசிறியோ குழாயோ வீசும் காற்றுத் தாரையின் அழுத்தம் குறைவதில்லை. சுற்றியுள்ள காற்றின் அழுத்தமேதான் அதற்கும். அழுத்தம் குறைவது, காற்று ஒரு பொருளைச் சுற்றி வளைந்து ஓடும் இடத்திலும், குறுகிய கழுத்து வழியாக முடுக்கப்படும் இடத்திலும்தான். அங்கேயும் அளவு சிறியது. வினாடிக்கு 30 மீட்டர் வேகத்துக்கு உரிய அழுத்த வேறுபாடு சுமார் 540 பாஸ்கல், அதாவது வளிமண்டலத்தில் அரை சதவீதம். வினாடிக்கு 100 மீட்டரில் 6 சதவீதம். விசிறி வேகத்தில் உங்கள் வோல்ட்மீட்டரால் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது தவறு பெரியது. முறிவு மின்னழுத்தம் எதைப் பொறுத்தது என்று 1889-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் கண்ட விதியை நாம் அழுத்தம் × இடைவெளி என்று எழுதிப் பழகிவிட்டோம். உண்மையில் எலக்ட்ரானுக்கு அழுத்தம் தெரியாது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் நடுவே எவ்வளவு தூரம் ஓடி ஆற்றல் சேர்க்க முடியும் என்பதுதான் அதற்கு முக்கியம். அதைத் தீர்மானிப்பது அடர்த்தி. வெப்பநிலை மாறாத வரை இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளும். வேகமான ஓட்டத்தில் வெப்பநிலையும் மாறுவதால் இரண்டும் பிரிந்துவிடும்.

ஒலியின் வேகத்தைத் தாண்டிய ஓட்டத்தில் இது பளிச்சென்று தெரியும். தேக்கத்தொட்டியில் வளிமண்டல அழுத்தத்தில் உள்ள காற்றை நாசில் (குறுகிப் பின் விரியும் குழாய்) வழியாக ஒலியின் இரு மடங்கு வேகத்துக்கு (மாக் 2) விரிய விட்டால், அழுத்தம் 0.128 மடங்காகிறது. வெப்பநிலையும் 0.556 மடங்காகக் குறைவதால் அடர்த்தி 0.230 மடங்கில் நிற்கிறது. அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுபவர், முறிவு மின்னழுத்தத்தை உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவாக மதிப்பிடுவார். மேலே சொன்ன சூத்திரத்தில் 1 செ.மீ. × 0.23 என்று போட்டுப் பாருங்கள்: 8.5 கிலோவோல்ட். அசையாத காற்றில் 30.3.

அதிர்ச்சி அலையில், அதாவது ஒலியை மிஞ்சிய ஓட்டம் திடீரென்று அழுந்தும் இடத்தில், பிழை எதிர்த்திசையில் வரும். மாக் 2 செங்குத்து அதிர்ச்சி அலைக்குப் பின்னால் அழுத்தம் 4.5 மடங்கு, வெப்பநிலை 1.69 மடங்கு, அடர்த்தி 2.67 மடங்கு. மின்காப்பு வலிமை ஏறுவது கடைசி எண்ணை ஒட்டித்தான்.

நாசில் வைத்துச் செய்து பார்ப்பவர்கள் காற்றை உலர்த்திவிட்டுச் செய்யுங்கள். 20 டிகிரியில் தொடங்கும் காற்று மாக் 2-இல் மைனஸ் 110 டிகிரிக்கு இறங்குகிறது. அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகவும் பனித்துகள்களாகவும் உறைந்து அளவீட்டைக் குலைத்துவிடும்.

கேள்வி: காற்றோட்டத்தின் விளைவைக் கல்லூரி ஆய்வகத்தில் காட்டப் பாதுகாப்பான சோதனை இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் ஹேர் டிரையர் வைத்துச் செய்தோம். காற்று பட்டதும் முறிவு மின்னழுத்தம் குறைந்தது. காரணம் விளங்கவில்லை.

காரணம் காற்றின் ஓட்டமில்லை, அதன் சூடு. ஹேர் டிரையரிலிருந்து 80 டிகிரியில் வரும் காற்றின் ஒப்பு அடர்த்தி 293-ஐ 353 ஆல் வகுத்தால் வருவது, 0.83. 3 மி.மீ. இடைவெளியில் 10.6 கிலோவோல்ட் 9.1 ஆகிவிடும். சூடேற்றும் கம்பியை அணைத்துவிட்டு வெறும் காற்றை வீசிப் பாருங்கள், வித்தியாசம் மறைந்துவிடும். இந்த மறைவையே மாணவர்களுக்குக் காட்டலாம். ஓட்டம் அப்படியே இருக்க, சூடு போனதும் விளைவும் போய்விட்டது என்பது அவர்கள் மனதில் நன்றாகப் பதியும்.

முறையான சோதனைக்கு: 20 மி.மீ. விட்டமுள்ள பளபளப்பான இரண்டு உலோக உருண்டைகள், இடைவெளி 3 மி.மீ.; 0 முதல் 15 கிலோவோல்ட் வரை மாற்றக்கூடிய, வெளியீடு 1 அல்லது 2 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்பட்ட நேர்மின்னோட்ட (டி.சி.) வழங்கி; அதோடு தொடரில் 10 மெகாஓம், உயர் மின்னழுத்தத்துக்கு உரிய மின்தடை. சாதாரணக் கால் வாட் மின்தடை ஒன்றை மட்டும் போடாதீர்கள், அதன் மேற்பரப்பிலேயே பொறி ஓடிவிடும். கூடுதல் மின்தேக்கி வேண்டாம். கம்பிகளின் இயல்பான தேக்கத்திறன் 20 பைக்கோ ஃபாரட் என்றால் ஒவ்வொரு பொறியின் ஆற்றலும் 1 மில்லி ஜூலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

முதல் பகுதியில், மின்னழுத்தத்தை வினாடிக்கு 100 வோல்ட் அளவில் மெதுவாக ஏற்றி, பொறி பாய்ந்த கணத்தில் அளவைக் குறித்துக்கொண்டு உடனே பூஜ்யத்துக்கு இறக்குங்கள். 60 வினாடி காத்திருந்து மறுபடி. இப்படி 20 தடவை விசிறி இல்லாமல், 20 தடவை வினாடிக்கு 10 மீட்டர் காற்றில். இரண்டு சராசரிகளும் பிழை எல்லைக்குள் ஒன்றாகவே வர வேண்டும். முதல் சில பொறிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாகத் துடைத்த உருண்டையில் ஒட்டியிருக்கும் தூசும் நாரும் எரிந்து போகும்வரை அளவு தள்ளாடும்.

இரண்டாம் பகுதியில் மின்னழுத்தத்தை முறிவு அளவுக்கு மேலே நிறுத்திவையுங்கள். மின்தடையும் தேக்கத்திறனும் சேர்ந்து, வினாடிக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரத்துக்கு மேலும் பொறிகள் தாமாகவே பாயும். ஆயிரம் மடங்கு பிரிக்கும் உயர் மின்னழுத்த ப்ரோபை ஆஸிலோஸ்கோப்பில் இணைத்து ஒவ்வொரு பொறிக்கும் முந்தைய உச்சத்தைப் பாருங்கள். ப்ரோபின் உள்மின்தடை வழங்கியின் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அசையாத காற்றில் உச்சங்கள் தாழ்ந்தும் சீரற்றும் இருக்கும். விசிறியைப் போட்டதும் மேலே ஏறி முதல் பகுதியின் மதிப்பை நோக்கிப் போகும். இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துக் காட்டினால்தான் விஷயம் முழுமையாகும்.

தவறு நேரும் இடங்கள்: விசிறியின் அதிர்வு உருண்டையை 0.1 மி.மீ. நகர்த்தினாலே 3 சதவீதம் போய்விடும், எனவே விசிறியை வேறு மேசையில் வையுங்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் தானே பொறி விட்டு அயனிகளை அனுப்பும், பிரஷ் இல்லாத விசிறியே நல்லது. கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். ஓஸோனும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சேரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: விசிறி போட்டபின் பொறிகளுக்கு நடுவேயுள்ள நேரம் ஒரே சீராக இல்லாமல் தாவுகிறது. ஏன்?

முறிவு தொடங்க ஒரே ஒரு எலக்ட்ரானாவது சரியான இடத்தில் இருக்க வேண்டும். தரைமட்டக் காற்றில் இயற்கைக் கதிர்வீச்சு ஒரு கன செ.மீ.யில் வினாடிக்குச் சுமார் 10 அயனி ஜோடிகளைத்தான் உண்டாக்குகிறது. உங்கள் உருண்டைகளுக்கு நடுவே வலிமையான புலமுள்ள பகுதி ஒரு கன செ.மீ.யில் நூறில் சில பங்குதான். அங்கே இயற்கை ஒரு விதை எலக்ட்ரானைத் தர வினாடிகள்கூட ஆகலாம். அடுத்தடுத்த பொறிகளில் முந்தைய பொறியின் அயனிகள் அந்த வேலையைச் செய்துவிடும். அவற்றை நீங்கள் விசிறியால் துடைத்து எடுக்கிறீர்கள். ஒரு புற ஊதா விளக்கை இடைவெளியை நோக்கி வையுங்கள், தாவல் அடங்கும். புற ஊதா ஒளி பொறியை எளிதாக்குகிறது என்பதை ஹெர்ட்ஸ் 1887-லேயே கவனித்திருக்கிறார். விளக்கைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது. நடுவே சாதாரணக் கண்ணாடி இருந்தால் வேண்டிய கதிர் உள்ளே வராது.

கேள்வி: அடுத்தடுத்துப் பாயும் மின்னிறக்கங்களுக்கு (வாயு வழியே மின்சாரம் பாயும் நிகழ்வுகளுக்கு) எவ்வளவு காற்றோட்டம் தேவை என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

முடியும். மின்னிறக்கத்தின் அகலம் × வினாடிக்கு எத்தனை முறை × ஒவ்வொரு இடைவேளையிலும் வாயு எத்தனை தடவை மாற வேண்டும். கடைசி எண்ணுக்கு 1 போதும் என்று தோன்றும், போதாது. மின்முனையை ஒட்டிய மெல்லிய படலம் நடுப்பகுதியைவிட மெதுவாக ஓடும். சூடான வாயு விரிந்து, ஓட்டம் வரும் திசையை நோக்கியும் கொஞ்சம் பின்வாங்கும். 2 முதல் 3 வரை எடுப்பது நடைமுறை. உதாரணமாக, வாயுவில் துடிப்பு மின்னிறக்கத்தால் இயங்கும் எக்ஸைமர் லேசர் போன்ற ஒன்றில் மின்னிறக்கம் 3 மி.மீ. அகலம், வினாடிக்கு 4,000 துடிப்பு, 2.5 மடங்கு மாற்றம் என்றால் வினாடிக்கு 30 மீட்டர் ஓட்டம் வேண்டும். குறைந்தால் மின்னிறக்கம் பரவலாக நில்லாமல் ஓரிடத்தில் குவிந்து ஆர்க் ஆகிவிடும்.

தொடர்ந்து எரியும் பரவலான மின்னிறக்கங்களிலும் இதே நியாயம்தான். ஓரிடம் கொஞ்சம் சூடானால் அங்கே அடர்த்தி குறையும், மின்னோட்டம் அங்கே கூடும், மேலும் சூடாகும். இந்தச் சுழல் முற்றுவதற்குள் அந்த வாயுவை வெளியேற்றிவிட்டால் மின்னிறக்கம் நிலைத்து நிற்கும்.

கேள்வி: எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற மின்காப்பு வாயு) நிரப்பிய சர்க்யூட் பிரேக்கரில் வாயுவை வேகமாக ஊதித்தான் ஆர்க்கை அணைக்கிறார்கள். ஓட்டம் எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது ஓட்டம் தோழன். மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் சூடான தடத்தைக் குளிர்வித்து, அங்கே குளிர்ந்த வாயுவை நிரப்புகிறது.

சிறிய கொள்ளளவு மின்னோட்டத்தை, உதாரணமாகச் சுமையில்லாத நீண்ட லைனையோ மின்தேக்கித் தொகுதியையோ துண்டிக்கும்போது கதை மாறும். ஆர்க் எளிதில் அணைந்துவிடும். ஆனால் லைனில் உச்ச மின்னூட்டம் தங்கிவிடுகிறது. மறுபக்கம் மின்னழுத்தம் தலைகீழாகிறது. 50 ஹெர்ட்ஸில், அணைந்த 10 மில்லி செகண்டுக்குள் தொடுமுனைகளுக்கு நடுவே உச்ச மதிப்பின் இரு மடங்கு நிற்கும். அதே நேரத்தில் நாசில் வழியே ஒலிவேகத்தைத் தாண்டி ஓடும் வாயு, நகரும் தொடுமுனையின் நுனியருகே விரிந்து அடர்த்தி இறங்குகிறது. புலம் மிகுந்த இடமும் அதே நுனிதான். எஸ்.எஃப்.6-இன் வலிமை, 20 டிகிரியில் ஒவ்வொரு பார் அழுத்தத்துக்கும் செ.மீ.க்குச் சுமார் 89 கிலோவோல்ட் என்ற கணக்கில், அடர்த்தியோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நுனியில் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கானால் வலிமையும் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே மறுமுறிவு நிகழ்ந்தால் மின்னழுத்தம் மேலும் எகிறும். அதனால்தான் வடிவமைப்பவர்கள் நுனியின் வளைவையும் நாசிலின் விரிகோணத்தையும், புலமும் தாழ்வடர்த்தியும் ஒரே இடத்தில் சேராதபடி ஒன்றாகப் பார்த்து அமைக்கிறார்கள்.

கேள்வி: இடிமேகத்தின் கீழ் கூர்முனையிலிருந்து கசியும் மின்னோட்டம் பலத்த காற்றில் கூடுகிறதாமே? முதல் பதிலில் காற்று மெதுவானது என்றீர்கள்.

இங்கே காற்று மெதுவானதல்ல, அயனிதான் மெதுவானது. இடிமேகத்தின் கீழ்த் தரையருகே புலம் மீட்டருக்கு 10 கிலோவோல்ட் அளவில் இருக்கும். முனையின் நுனியை ஒட்டி மட்டும் புலம் மிக வலிமையாக இருந்து கொரோனா, அதாவது நுனியருகே மட்டும் நிற்கும் மெல்லிய மின்னிறக்கம், எரிகிறது. நுனியை விட்டு விலகிய அயனி, மீட்டருக்கு 10 கிலோவோல்ட் புலத்தில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். எனவே அது முனையைச் சுற்றியே தேங்கி, நுனியின் புலத்தை மறைத்து, கொரோனாவைத் தானே அடக்குகிறது. வினாடிக்கு 5 மீட்டர் காற்று அந்தப் படலத்தை அயனி தன்னால் போவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும். மறைப்பு விலகினால் கசிவு கூடும். விமானத்தின் இறக்கை ஓரங்களில் பொருத்தும் மின்னூட்டக் கசிவுக் குச்சிகளும் இந்த உதவியைப் பெறுகின்றன: வெளியேறிய அயனிகள் அங்கேயே நிற்காமல் பின்னால் அடித்துச் செல்லப்படுகின்றன.

கேள்வி: எஞ்சின் சிலிண்டருக்குள் கலவை சுழன்று ஓடுவது ஸ்பார்க் பிளக்கைப் பாதிக்குமா?

முதல் முறிவை அடர்த்திதான் தீர்மானிக்கிறது. 10 பார், 650 கெல்வின் என்றால் ஒப்பு அடர்த்தி 4.5, 1 மி.மீ. இடைவெளிக்குச் சுமார் 15 கிலோவோல்ட். ஓட்டம் வேலை காட்டுவது அதற்குப் பிறகு. பொறி 1 அல்லது 2 மில்லி செகண்ட் நிற்கும். வினாடிக்கு 10 மீட்டர் ஓட்டம் 1 மில்லி செகண்டில் அதை 10 மி.மீ. இழுத்துவிடும். நீண்ட தடத்தைத் தாங்கத் தேவையான வோல்ட், இடைவெளியை மறுபடி முறிக்கத் தேவையான வோல்ட்டைத் தாண்டினால், பழைய தடம் அணைந்து நேர்குறுக்கே புதிய பொறி பாயும். அளவான நீட்சி கலவையைப் பற்றவைக்க நல்லது. அடிக்கடி அறுந்தால் காயிலின் ஆற்றல் துண்டுதுண்டாகச் செலவாகி, மெலிந்த (எரிபொருள் குறைந்த) கலவை பற்றாமல் போகலாம்.

கேள்வி: சுழலும் பொறி இடைவெளி செய்கிறேன். 200 மி.மீ. தட்டு, 6 முனைகள், நிமிடத்துக்கு 3,000 சுற்று. முனையின் வேகம் முறிவு மின்னழுத்தத்தை மாற்றுமா? முனைகள் நேருக்கு நேர் வருவதற்கு முன்பே பொறி பாய்கிறதே?

முனையின் வேகம் வினாடிக்கு 31 மீட்டர். முறிவுக்கு 1 மைக்ரோ செகண்ட் தாமதம் என்று தாராளமாக வைத்தாலும் அதற்குள் முனை நகர்வது 31 மைக்ரான். வேகம் எதையும் மாற்றவில்லை. முன்கூட்டிப் பாய்வது முழுக்க வடிவியல்: 12 கிலோவோல்ட் சீரான புலத்திலேயே 3.5 மி.மீ.யைத் தாண்டும், கூரான முனையென்றால் இன்னும் தூரம். முனை நெருங்கி வரும்போதே அந்தத் தூரத்தை எட்டிவிடுகிறது, நேர்க்கோட்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி செகண்ட் முன்னால். முனைகளின் நுனியை உருண்டையாக்கி வையுங்கள், முந்துவது குறையும். சுழற்சியின் உண்மையான லாபம் பொறிக்குப் பின்னால் இருக்கிறது: தடம் இழுபட்டு அறுகிறது, வினாடிக்கு 300 பொறிகளும் புதிய காற்றைச் சந்திக்கின்றன.

உங்கள் கவனம் வோல்ட்டைவிடத் தட்டின் மீது இருக்கட்டும். விளிம்பில் முடுக்கம் புவியீர்ப்பின் 1,000 மடங்கு. 20 கிராம் முனை 20 கிலோ எடை போல வெளியே இழுக்கும். அக்ரிலிக் சூட்டில் இளகும், விரிசல் விடும். கண்ணாடியிழைத் தகடு நல்லது. முனைகளை வெறும் அழுத்தப் பொருத்தலில் விடாமல் திருகுமறையும் லாக் நட்டும் போட்டு இறுக்கி, தட்டைச் சமநிலைப்படுத்தி, சுற்றளவைத் தடித்த உறையால் மூடுங்கள். உயர் மின்னழுத்தம் தராமல், உறைக்கு வெளியே நின்று, முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் சோதித்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.